முன்னாடி போற இடத்தை விக்காதீங்க: டெக்ஸ் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்ஸ் (நடுவுல கம்பெனி இல்லாம பிளாக்செயின்ல ஓடுற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்) புரோட்டோகால் எழுதுற டீம்களுக்கும், சீக்வென்சர் (செயின்ல டிரான்சாக்ஷனை வரிசைப்படுத்துற சர்வர்) நடத்துறவங்களுக்கும், வாலட் கம்பெனிகளுக்கும், கவர்னன்ஸ்ல (டோக்கன் வெச்சிருக்கிறவங்க ஓட்டு போட்டு முடிவு எடுக்கிற முறை) எங்க சார்பா ஓட்டு போடுற டெலிகேட்களுக்கும்,

நான் டிரேட் பண்ற எக்ஸ்சேஞ்ச் ஓடுற செயின்ல, ஆர்டரை மத்தவங்களுக்கு முன்னாடி கொண்டு போற உரிமையை ஏலம் விடலாம்னு ஓட்டு போட்டு முடிவு பண்ணிட்டாங்க. இதனால சின்ன டிரேடருக்கு என்ன ஆகும்னு நாங்க சில பேர் கேட்டோம். "சாதாரண யூசருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது"ன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு. அந்த பதிலை என்னால சும்மா விட முடியல, அதனாலதான் இதை எழுதுறேன். நஷ்டம் கண்ணுக்கு தெரியாம நடந்தா யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னு நினைச்சு சொன்ன மாதிரிதான் அது எனக்கு பட்டுச்சு. எக்ஸ்சேஞ்ச் பேரை சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு எக்ஸ்சேஞ்சோட பிரச்சனை இல்ல, நீங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கட்டி வெச்சிருக்கீங்க.

நான் பெரிய ஆள் இல்ல. ஸ்டேபிள்காயின்ல (டாலர் மதிப்புலயே நிக்கிற காயின்) இருந்து ஈத்தர் (எத்திரியம் செயினோட காயின்), ஈத்தர்ல இருந்து வேற சில டோக்கன், அப்பப்போ ஒரு பெர்ப் (முடிவு தேதி இல்லாத ஃபியூச்சர்) பொசிஷன், அவ்வளவுதான். சென்ட்ரலைஸ்டு எக்ஸ்சேஞ்சை விட்டுட்டு இங்க வந்ததுக்கு காரணம் என் காசு என் வாலட்லயே இருக்கும், ரூல் எல்லாம் கோட்ல இருக்கும், யாரும் உள்ள கை வைக்க முடியாதுன்னு நீங்க சொன்னது. 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ்ங்கற பெரிய சென்ட்ரலைஸ்டு எக்ஸ்சேஞ்ச் விழுந்தப்போ அந்த பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அந்த சமயத்துலதான் என்னை மாதிரி நிறைய பேர் இந்த பக்கம் வந்தோம். நம்பி வந்தவங்க நாங்க.

முதல்ல என் டிரேட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். ஸ்க்ரீன்ல ஒரு விலை காட்டுச்சு, ஓகே பண்ணேன், டிரான்சாக்ஷன் போச்சு, கைக்கு வந்தது காட்டுன அளவை விட கம்மி. மார்க்கெட் அசைஞ்சிருக்கும்னு விட்டுடலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் வெச்ச ஸ்லிப்பேஜ் லிமிட்டை (காட்டுன அளவை விட எவ்வளவு குறைஞ்சாலும் பரவால்லங்கற எல்லை) கிட்டத்தட்ட தொடுற அளவுக்கு கம்மியா வந்தா அது மார்க்கெட் இல்லையே, மார்க்கெட்டுக்கு என் லிமிட் எப்படி தெரியும்? எக்ஸ்ப்ளோரரை (செயின்ல நடந்ததை எல்லாம் பாக்குற வெப்சைட்) திறந்து அந்த பிளாக்குல (ஒண்ணா சேர்த்து பதிவாகுற டிரான்சாக்ஷன் கட்டு) என் டிரான்சாக்ஷனுக்கு மேலயும் கீழயும் பார்த்தேன். மேல ஒரு அட்ரஸ் அதே டோக்கனை வாங்கியிருக்கு, கீழ அதே அட்ரஸ் வித்திருக்கு, நடுவுல நான். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க சில பேரோட டிரேடையும் எடுத்து பார்த்தோம், அட்ரஸ் மாறுது, வேலை மாறல.

இது எப்படி நடக்குதுன்னு உங்களுக்கு பாடம் எடுக்க வேண்டியதில்ல, ஆனா இந்த மடலை என்னை மாதிரி டிரேடர்களும் படிப்பாங்க, அதனால கணக்கை போட்டே காட்டிடறேன். ஒரு பூல்ல (டிரேடுக்காக ரெண்டு காயினை சேர்த்து வெச்சிருக்கிற கூட்டு நிதி) ஒரு பக்கம் 10,00,000 டாலர் ஸ்டேபிள்காயின், இன்னொரு பக்கம் 10,00,000 டோக்கன் இருக்குன்னு வெச்சுக்கோங்க. சாதாரண எக்ஸ் இன்டு ஒய் ஃபார்முலாதான் (ரெண்டு பக்கத்தையும் பெருக்குனா வர்ற எண் மாறாது), பூல் ஃபீஸை இப்போதைக்கு ஒதுக்கி வெச்சுடுவோம். நான் 10,000 டாலர் போட்டா எனக்கு சுமார் 9,900 டோக்கன் வரணும். ஸ்லிப்பேஜ் 1 சதவீதம்னு வெச்சா, 9,802 வரைக்கும் குறைஞ்சாலும் பரவால்லன்னு நான் கையெழுத்து போட்டு அனுப்புறேன்னு அர்த்தம். அந்த ஆர்டர் பப்ளிக் மெம்பூல்ல (பிளாக்குல போறதுக்கு முன்னாடி எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி ஆர்டர் நிக்கிற இடம்) காத்திருக்கும்போதே பாட் (தானா டிரேட் பண்ற புரோகிராம்) அதை படிச்சிடுது. எனக்கு முன்னாடி சுமார் 5,060 டாலருக்கு அதே டோக்கனை வாங்கி விலையை ஏத்துது, நான் உள்ள வரும்போது எனக்கு கிடைக்கிறது சரியா அந்த 9,802. நான் வாங்குனதால விலை இன்னும் ஏறிடுச்சு, உடனே அது வாங்குனதை சுமார் 5,160 டாலருக்கு வித்துட்டு போயிடுது. அதுக்கு 100 டாலர் லாபம், எனக்கு கிட்டத்தட்ட அதே அளவு டோக்கன் நஷ்டம். அந்த பாட் மார்க்கெட்டுக்கு புதுசா எதையும் கொண்டு வரல, விலையை சரி பண்ணல, லிக்விடிட்டி (மத்தவங்க டிரேட் பண்ண பூல்ல போடுற காசு) தரல. என் ஆர்டரை முன்கூட்டியே படிக்க முடிஞ்சதும் எனக்கு முன்னாடி ஏறி நிக்க முடிஞ்சதும் மட்டும்தான் அதோட மொத்த தொழில்.

இதைத்தான் சாண்ட்விச்னு சொல்றோம், வரிசையை வெச்சு இப்படி எடுக்கிற லாபத்தை பொதுவா எம்இவின்னு சொல்றோம். 2019லயே ஆராய்ச்சி பண்றவங்க இதை விவரமா எழுதிட்டாங்க, அதனால தெரியாம நடந்துடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

பெரிய அளவுல நடந்ததும் இருக்கு. 2025 மார்ச்சுல யூனிஸ்வாப் வி3ங்கற டெக்ஸோட பூல் ஒண்ணுல ஒருத்தர் சுமார் 2,20,000 யூஎஸ்டிசி போட்டு யூஎஸ்டிடி எடுக்கப் போனார், ரெண்டுமே ஒரு டாலர் காயின், கைக்கு வந்தது 5,300 கூட இல்ல. அது யாரோட காசு, ஏன் அப்படி ஒரு ஸ்வாப்னு பல விதமா பேச்சு இருக்கு, அதுக்குள்ள நான் போகல. எனக்கு முக்கியமா பட்டது அந்த காசு கடைசியில எங்க போச்சுங்கறதுதான். சாண்ட்விச் போட்ட பாட்டுக்கு மிஞ்சினது சில ஆயிரம் டாலர், 2,00,000 டாலர் அளவுக்கு அந்த பிளாக்கை கட்டுன பில்டருக்கு டிப்பா போயிடுச்சு. அதாவது முன்னாடி நிக்கிற இடத்தை வித்தவங்களுக்குத்தான் பெரும் பங்கு. பாட்டை மட்டும் திட்டிட்டு இருந்தா பிரச்சனையோட வேரை தொடவே மாட்டோம். இடத்தை விக்க ஆள் இருக்கறதாலதான் வாங்கவும் ஆள் வருது, அந்த விக்கிற இடத்துல உக்காந்திருக்கிறது நீங்க.

இதுக்கெல்லாம் உங்ககிட்ட இருந்து வர்ற பதில்ல அடிக்கடி கேக்குறது வேகம். பிளாக் டைம் குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றீங்க. எத்திரியம்ல ஒரு ஸ்லாட் 12 செகண்ட், சோலானால சுமார் 400 மில்லிசெகண்ட், ஆர்பிட்ரம்ல 250, இப்போ பேஸ் மாதிரி சில செயின்ல ஃப்ளாஷ்பிளாக்னு 200க்கு கொண்டு வந்துட்டாங்க. வேகத்துல நல்லது இல்லன்னு சொல்ல மாட்டேன். பிளாக் சீக்கிரம் வந்தா பழைய விலையில மாட்டிக்கிட்டு நஷ்டப்படுற லிக்விடிட்டி புரொவைடர்களுக்கு அந்த நஷ்டம் குறையுது, அது உண்மையான லாபம். ஆனா எனக்கு?

கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஃபைபர் கேபிள்ல வெளிச்சம் போற வேகம் செகண்டுக்கு சுமார் 2,00,000 கிலோமீட்டர். உங்க சீக்வென்சர் இருக்கிற சர்வர்ல இருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் உக்காந்திருந்தா, கேபிள் நேர் கோட்டுல போட்டிருந்தா கூட ஒரு பக்கம் போகவே 50 மில்லிசெகண்ட். நிஜத்துல வைஃபை, மொபைல் டவர், நடுவுல இருக்கிற ரவுட்டர், வாலட்டோட ஆர்பிசி சர்வர் (ஆர்டரை வாங்கி செயினுக்கு அனுப்புறது), எல்லாம் சேர்ந்து நூத்துக்கணக்கான மில்லிசெகண்ட் ஆயிடும். அதே டேட்டா சென்டர்ல சர்வர் வாடகைக்கு எடுத்து உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. பிளாக் 12 செகண்டா இருந்தப்போ அவனும் நானும் ஒரே பிளாக்குல வர்றதுக்காவது வாய்ப்பு இருந்துச்சு. 200 மில்லிசெகண்ட் ஆனதும், நான் பட்டனை அமுக்கி அது சர்வருக்கு போய் சேர்றதுக்குள்ள அவன் ஒண்ணு ரெண்டு பிளாக் முடிச்சிருப்பான். நீங்க வேகம்னு விளம்பரம் பண்றது என் டிரேட் சீக்கிரம் கன்ஃபர்ம் ஆகுறதை மட்டும்தான் காட்டுது, எந்த விலையில கன்ஃபர்ம் ஆச்சுங்கறதை காட்டல. எனக்கு விலைதான் முக்கியம். அந்த விலையை முடிவு பண்றது யார் எனக்கு முன்னாடி உள்ள போனாங்கங்கற ஒரே விஷயம்.

அதனால வேகத்தை பத்தி பேசுறதுக்கு முன்னாடி வரிசையை பத்தி பேசுங்கன்னு கேக்குறேன். ஒரு பிளாக்குக்குள்ள எந்த டிரான்சாக்ஷன் முதல்ல, எது அடுத்து, இதை யார் முடிவு பண்றாங்க, எந்த ரூல்ல, அந்த ரூலை மீறுனா யாருக்காவது தெரியுமா?

ஏலம் விடறதுக்கு நீங்க சொல்ற காரணத்தை நான் படிச்சேன், நியாயமா அதையும் சொல்லிடறேன். முன்னாடி வந்தவனுக்கு முதல் இடம்னு வெச்சா எல்லாரும் சர்வரை பக்கத்துல வைக்க போட்டி போடுறாங்க, ஒரே ஆர்டரை நூறு தடவை அனுப்பி ஸ்பாம் பண்றாங்க, அதுக்கு செலவாகுற காசு யாருக்கும் உபயோகம் இல்லாம போகுது, அதுக்கு பதிலா ஏலம் விட்டா அந்த காசு கவர்னன்ஸ் கஜானாவுக்கு வரும். ஆர்பிட்ரம் 2025 ஏப்ரல்ல டைம்பூஸ்ட்னு கொண்டு வந்தது இந்த யோசனையிலதான். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு ஏலம், ஜெயிச்சவருக்கு எக்ஸ்பிரஸ் லேன், மத்த எல்லாரோட டிரான்சாக்ஷனும் 200 மில்லிசெகண்ட் தாமதம். அங்க மெம்பூல் வெளிய தெரியாது, அதனால ஏலம் எடுத்தவர் என் ஆர்டரை படிச்சு சாண்ட்விச் போட முடியாதுன்னு சொல்றாங்க, அது சரிதான், அதை நான் மறுக்கல.

ஆனா சாண்ட்விச் ஒண்ணுதான் நஷ்டம்னு யார் சொன்னது? வெளிய பெரிய எக்ஸ்சேஞ்ச்ல விலை திடீர்னு விழுது, எல்லாரும் ஒரே நேரத்துல டெக்ஸ்ல வெளிய வர பாக்குறாங்க, அப்போ பழைய விலையில யார் முதல்ல விக்கிறாங்களோ அவங்க தப்பிச்சாங்க. அந்த இடத்துல காசு கட்டுனவருக்கு ஒரு பிளாக் கிட்ட முன்னுரிமை, காசு கட்டாத எல்லாருக்கும் வேணும்னே போட்ட தாமதம். நான் பூல்ல லிக்விடிட்டி போட்டிருந்தா என் பழைய விலையை முதல்ல வந்து எடுத்துட்டு போறதும் அவர்தான். வெச்சிருந்த லிமிட் ஆர்டரை நான் கேன்சல் பண்ண நினைச்சா என் கேன்சலுக்கு முன்னாடி அவரோட ஃபில் (என் ஆர்டரை எடுத்து முடிக்கிற டிரேட்) உள்ள போயிடும். 200 மில்லிசெகண்ட் எவ்வளவு சின்ன நேரம்னு சொல்றீங்க, அவ்வளவு சின்னதா இருந்தா அதை ஏலம் எடுக்க யாரும் காசு தர மாட்டாங்க. ஏலத்துல வர்ற தொகையே அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு காட்டுது, அந்த மதிப்புல ஒரு பகுதி எங்க டிரேட்ல இருந்துதான் எடுக்கப்படுது, வேற எங்க இருந்தும் வானத்துல இருந்து கொட்டல.

பாரம்பரிய மார்க்கெட்டை நாம எல்லாரும் குறை சொல்லித்தான் இங்க வந்தோம். அங்க கூட அமெரிக்காவுல ஐஇஎக்ஸ்னு ஒரு எக்ஸ்சேஞ்ச் உள்ள வர்ற எல்லா ஆர்டருக்கும் 350 மைக்ரோசெகண்ட் தாமதம் வெச்சிருக்கு, வேகமா ஓடுறவங்க மெதுவா வர்றவங்களை மேயக்கூடாதுங்கறதுக்காக. தாமதத்தை எல்லாருக்கும் சமமா போட்டாங்க. நீங்க தாமதத்தை எங்களுக்கு போட்டுட்டு அதுல இருந்து விலக்கு வாங்குற உரிமையை விக்கிறீங்க. கிளையன்ட் ஆர்டரை பார்த்துட்டு புரோக்கர் தன் கணக்குல முன்னாடி வாங்குறது அங்க குற்றம். ஆர்டரை யாருக்கு அனுப்புனோம், அதுக்கு எவ்வளவு காசு வாங்குனோம்னு அமெரிக்க புரோக்கர்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் போடணும். இதெல்லாம் பெர்ஃபெக்டா நடக்குதுன்னு சொல்லல. ஆனா கேள்வி கேக்க ஒரு காகிதமாவது இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?

"ஸ்லிப்பேஜை குறைச்சு வெச்சுக்கோங்க"ன்னு அடுத்த அறிவுரை. குறைச்சு வெச்சா மார்க்கெட் கொஞ்சம் அசைஞ்சாலே டிரான்சாக்ஷன் ஃபெயில் ஆகுது, ஃபெயில் ஆனாலும் கேஸ் ஃபீஸ் (செயினுக்கு கட்டுற கட்டணம்) போயிடுது, திரும்ப அனுப்புனா திரும்ப கேஸ். ஏத்தி வெச்சா சாண்ட்விச். ரெண்டுல எதுல அடிபடணும்னு தேர்ந்தெடுக்கிற வேலையை எங்க தலையில கட்டிட்டு அதுக்கு செட்டிங்ஸ்னு பேர் வெச்சிருக்கீங்க. ஒரு ஸ்வாப் பண்ண வர்ற ஒருத்தர் பூலோட ஆழம், அன்னைக்கு இருக்கிற வோலட்டிலிட்டி, மெம்பூல் நெரிசல் எல்லாம் கணக்கு போட்டு ஒரு நம்பர் டைப் பண்ணணுமா? அந்த தகவல் எல்லாம் உங்க இன்டர்ஃபேஸ்கிட்டதான் இருக்கு.

"பிரைவேட் ஆர்பிசி யூஸ் பண்ணுங்க"ன்னு இன்னொண்ணு, அதாவது ஆர்டரை பப்ளிக் மெம்பூலுக்கு விடாம நேரா பில்டர்கிட்ட அனுப்புற வழி. நான் யூஸ் பண்றேன், சாண்ட்விச் குறைஞ்சுது, மறைக்கல. ஃப்ளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் 2021ல இருந்து இருக்கு, எம்இவி பிளாக்கர் 2023ல வந்துச்சு, பேக்ரன்ல (யூசர் டிரேடுக்கு பின்னாடியே போய் எடுக்கிற லாபம்) வர்ற காசுல ஒரு பங்கை யூசருக்கே திருப்பி தர்ற ஏற்பாடும் அதுல இருக்கு. இவ்வளவு வருஷமா மருந்து கையில இருக்கும்போது எத்தனை வாலட் அதை முதல் நாள்ல இருந்தே ஆன் பண்ணி தருது? எங்கயோ அட்வான்ஸ்டுன்னு போட்ட பக்கத்துக்குள்ள நெட்வொர்க் சேர்க்கிற இடத்துல ஒரு லிங்க்கை பேஸ்ட் பண்ணணும், அதுவும் எது உண்மையான லிங்க் எது ஏமாத்துற லிங்க்னு தேடி கண்டுபிடிச்சு. விவரம் தெரிஞ்சவன் தப்பிச்சுக்குவான், தெரியாதவன் பப்ளிக் மெம்பூல்லயே நிப்பான், அவன்கிட்டதான் பாட் வேட்டையாடும். இதுக்கு நடுவுல இன்னொரு கவலையும் இருக்கு. பிரைவேட்டா போற ஆர்டர் யார் கண்ணுக்கும் தெரியாம போறதில்ல, சில பில்டர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியுது. 2022 செப்டம்பர்ல மெர்ஜ் (எத்திரியம் மைனிங்கை விட்ட அப்டேட்) முடிஞ்சதுல இருந்து எத்திரியம்ல பெரும்பாலான பிளாக் எம்இவி பூஸ்ட் (பில்டர்கள் கட்டுன பிளாக்கை ஏலத்துல எடுக்கிற சாஃப்ட்வேர்) வழியாத்தான் போகுது, அதையும் கட்டுறது விரல் விட்டு எண்ணக்கூடிய சில பில்டர்கள்தான். என் வாலட் என் ஆர்டரை அவங்கள்ல யாருக்கு கொடுத்துச்சு, ஓசிக்கா காசுக்கா, நான் எங்க போய் பாக்குறது?

சோலானா பக்கம் நடந்ததை இங்க சொல்லியே ஆகணும், ஏன்னா மனசு வெச்சா முடியும்ங்கறதுக்கு அது சாட்சி. 2024 மார்ச்சுல ஜிட்டோங்கற சோலானா சாஃப்ட்வேர் டீம் தன்னோட மெம்பூல் சேவையை நிறுத்திட்டாங்க, சாண்ட்விச் அடிக்கிறவங்க அதை வெச்சு யூசர்களை நோகடிக்கிறாங்கங்கற காரணத்தை வெளிப்படையா சொல்லி. நல்ல வருமானம் வந்துட்டு இருந்த சேவை அது. அப்புறமும் சில வேலிடேட்டர்கள் (செயின்ல பிளாக்கை உருவாக்கி சரிபார்க்கிறவங்க) தனியா மெம்பூல் மாதிரி நடத்தி சாண்ட்விச்சுக்கு வழி பண்ணாங்க, பிளாக்கை நேர்மையா கட்டணும்னு ஸ்டேக் (மத்தவங்க நம்பி ஒப்படைக்கிற டோக்கன்) வாங்குனவங்களே இப்படி பண்றது வேலியே பயிரை மேயுற கதை. அதே வருஷம் ஜூன்ல சோலானா ஃபவுண்டேஷன் அப்படிப்பட்ட சில ஆபரேட்டர்களை தன்னோட டெலிகேஷன் புரோகிராம்ல (ஸ்டேக் ஒதுக்குற திட்டம்) இருந்து தூக்குச்சு. அதோட சாண்ட்விச் நின்னுடுச்சான்னா இல்ல. ஆனா இது தப்பு, பண்ணா இங்க ஸ்டேக் கிடையாதுன்னு பொறுப்புல இருக்கிற ஒருத்தர் வாய் திறந்து சொன்னாங்க இல்லையா, அதைக்கூட நீங்க பல பேர் இன்னும் சொல்லல.

இப்போ பெர்ப் விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். ஸ்வாப்ல போறது ஒரு சதவீதம் அரை சதவீதம். லிக்விடேஷன்ல (ஈடு பத்தாம பொசிஷனை வலுக்கட்டாயமா மூடுறது) மொத்தமும் போகும். 2025 அக்டோபர் 10 ராத்திரி கிரிப்டோ மார்க்கெட் முழுக்க ஒரே நாளைக்குள்ள சுமார் 1,900 கோடி டாலர் பொசிஷன் லிக்விடேட் ஆச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். அந்த மாதிரி விலை விழுந்த ஒரு நாள்ல நானும் ஒரு ஆன்செயின் பெர்ப்ல மார்ஜின் (ஈட்டு காசு) சேர்க்க டிரான்சாக்ஷன் அனுப்புனேன். காசு வாலட்ல தயாரா இருந்துச்சு, விலை இன்னும் என் லிக்விடேஷன் லெவலை தொடல, ஆனா டிரான்சாக்ஷன் பெண்டிங்லயே நின்னுச்சு, ஃபீஸ் ஏத்தி திரும்ப அனுப்புனேன், அதுவும் பெண்டிங். ஆரக்கிள் (வெளி விலையை செயினுக்கு சொல்ற சேவை) அப்டேட் ஆன அதே பிளாக்குல லிக்விடேட்டர் பாட் உள்ள போயிடுச்சு, என் மார்ஜின் அதுக்கப்புறம் போய் சேர்ந்துச்சு, மூடுன பொசிஷனுக்கு. கடனை அடைக்க காசோட வந்து நின்னவனை ஓரமா நிறுத்திட்டு ஜப்தி பண்றவனை முதல்ல உள்ள விட்ட சிஸ்டம் இது. சப்போர்ட்ல கேட்டதுக்கு செயின்ல நெரிசல், எல்லாருக்கும் ஒரே ரூல்தான்னு கை விரிச்சுட்டாங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்னா அந்த பாட் மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்துக்கு உள்ள போகுது?

இதை வேற மாதிரி வடிவமைக்க முடியாதுன்னு சொல்லாதீங்க, ஏற்கனவே பண்ணியிருக்காங்க. ஹைப்பர்லிக்விட்ங்கற பெர்ப் எக்ஸ்சேஞ்ச்ல ஒரே பிளாக்குக்குள்ள கேன்சல் ஆர்டரை, உடனே ஃபில் ஆகுற ஆர்டருக்கு முன்னாடி வைக்கிற ரூல் இருக்கு. ஏவே வி3ங்கற கடன் புரோட்டோகால்ல, எல்2 (எத்திரியம் மேல ஓடுற துணை செயின்) சீக்வென்சர் நின்னு திரும்ப வந்தா கடன் வாங்குனவங்க பொசிஷனை சரி பண்ணிக்க லிக்விடேஷனுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அவகாசம் தர்ற ஏற்பாடு இருக்கு. அது தேவையில்லாத பயமும் இல்ல, 2023 டிசம்பர் 15ல ஆர்பிட்ரம் சீக்வென்சர் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு போச்சு. ஆக எந்த வகை டிரான்சாக்ஷன் எதுக்கு முன்னாடி போகணும்னு புரோட்டோகால் எழுதுறவங்க முடிவு பண்ண முடியும். கோட்தான் அப்படி, எங்க கையில ஒண்ணும் இல்லன்னு சொல்றது உண்மை இல்ல, அந்த கோடை எழுதுறது நீங்கதான்.

ஸ்வாப்புக்கும் வழி இருக்கு. கவ் புரோட்டோகால் ஆர்டர்களை ஒண்ணா சேர்த்து பேட்ச் ஏலமா நடத்துது, ஒரே பேட்ச்ல ஒரே டோக்கனுக்கு எல்லாருக்கும் ஒரே விலை, அப்போ யார் முன்னாடி யார் பின்னாடிங்கற கேள்விக்கே வேலை இல்ல. யூனிஸ்வாப்எக்ஸ் 2023ல வந்துச்சு, அதுல ஃபில் பண்றவங்க போட்டி போடுறாங்க, ஃபெயில் ஆனா யூசர் கேஸ் கட்ட வேண்டியதில்ல. நோசிஸ் செயின்ல ஷட்டர் டெக்னாலஜி வெச்சு, வரிசை முடிவாகுற வரைக்கும் டிரான்சாக்ஷனை என்கிரிப்ட் பண்ணி வைக்கிற முறை ஓடுது. எல்லாத்துலயும் குறை இருக்கு. பேட்ச்னா காத்திருக்கணும், சால்வர்கள் (பேட்ச்சுக்கு விலை கண்டுபிடிச்சு முடிச்சு தர்றவங்க) கம்மியா இருந்தா அவங்களுக்குள்ள கூட்டு வரலாம், என்கிரிப்ஷன்னா சாவி வெச்சிருக்கிறவங்களை நம்பணும். எனக்கு புரியுது. ஒரு சாதாரண டிரேடரா நான் என் பக்கத்துல இருந்து சொல்றேன், நியாயமான விலை கிடைக்கும்னா இருபது முப்பது செகண்ட் காத்திருக்க நான் தயார். மில்லிசெகண்ட் வேணும்னு நாங்க கேக்கவே இல்ல, கேட்டது யாருன்னு உங்க ஏல லிஸ்ட்டை பார்த்தாலே தெரியும்.

கவர்னன்ஸ் டெலிகேட்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு ஓட்டு கொடுத்ததுல எங்க சின்ன சின்ன டோக்கனும் இருக்கு. கஜானாவுக்கு வருமானம்னு ஒரு வரி எழுதி புரொபோசல் வந்ததும் ஓட்டு போட்டுட்டீங்க, அந்த வருமானம் யார் டிரேட்ல இருந்து வருதுன்னு ஒரு கணக்கு கேட்டீங்களா? அந்த டேட்டா செயின்லயே இருக்கு, யாருக்கு என்ன விலை கிடைச்சுது, முன்னாடி யார் இருந்தாங்க, எல்லாம் பப்ளிக். ஒரு சின்ன டீமை வெச்சு எடுத்திருக்கலாம். எடுக்காம முடிவு பண்ணது அலட்சியம்னுதான் நான் சொல்லுவேன், கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன்.

என் கோரிக்கை இதுதான், தெளிவா எழுதிடறேன், முடியுமா முடியாதான்னு தெளிவா பதில் சொல்லுங்க.

சீக்வென்சர் நடத்துறவங்க, உங்க வரிசை ரூலை டெவலப்பர் இல்லாதவங்களுக்கும் புரியுற மாதிரி ஒரு பக்கத்துல எழுதி வைங்க, ரூல் மாறுனா மாறுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் உங்ககிட்ட எப்போ வந்துச்சு, எப்போ பிளாக்குல போச்சுங்கற லாக்கை வெளியிடுங்க, ரூல்படி நடந்துச்சான்னு வெளிய இருந்து யாரும் சரிபார்க்கிற மாதிரி. தாமதம் தேவைன்னு நினைச்சா எல்லாருக்கும் ஒரே தாமதமா வைங்க, காசு கட்டுனவருக்கு விலக்கு வேண்டாம்.

டெக்ஸ் டீம்கள், பப்ளிக் மெம்பூலுக்கு போகாத வழியை டிஃபால்ட்டா வைங்க, ஸ்லிப்பேஜை பூல் ஆழத்தையும் அந்த நேரத்து நிலவரத்தையும் வெச்சு நீங்களே கணக்கு போட்டு காட்டுங்க. டிரேட் முடிஞ்சதும், எங்களுக்கு முன்னாடி யாரும் புகுந்திருக்கலன்னா எவ்வளவு கிடைச்சிருக்கும், நிஜத்துல எவ்வளவு கிடைச்சுதுன்னு ரெண்டு நம்பரையும் ஸ்க்ரீன்லயே காட்டுங்க. பெர்ப் நடத்துறவங்க, மார்ஜின் சேர்க்கிறதும் கேன்சலும் அதே பிளாக்குல லிக்விடேஷனுக்கும் ஃபில்லுக்கும் முன்னாடி போகணும்னு ரூலா எழுதுங்க, நெரிசல்லயோ சீக்வென்சர் நின்னதாலயோ உள்ள வர முடியாம போன நேரத்துக்கு அவகாசம் கொடுங்க.

வாலட் கம்பெனிகள், எங்க ஆர்டரை யார் யாருக்கு அனுப்புறீங்க, அதுக்கு காசு வாங்குறீங்களா, எவ்வளவுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்க. பேக்ரன்ல வர்ற பங்குல யூசருக்கு எவ்வளவு திருப்பி தர்றீங்கன்னும் அதுலயே போடுங்க. பாதுகாப்பான வழியை முதல் நாள்ல இருந்தே ஆன் பண்ணி கொடுங்க, வேண்டாம்ங்கறவங்க ஆஃப் பண்ணிக்கட்டும்.

டெலிகேட்கள், முன்னுரிமை ஏலத்தை நீட்டிக்கிற ஓட்டு அடுத்து வரும்போது, அது ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சின்ன டிரேடர்களுக்கும் சின்ன லிக்விடிட்டி புரொவைடர்களுக்கும் கிடைச்ச விலை எப்படி மாறியிருக்குன்னு வெளி ஆளுங்க எடுத்த கணக்கு மேஜைக்கு வர்ற வரைக்கும் ஆமான்னு ஓட்டு போடாதீங்க. கணக்குல எங்களுக்கு நஷ்டம்னு வந்தா ஏலத்தை நிறுத்துங்க, அதுவரைக்கும் வந்த தொகையில நஷ்டப்பட்ட அட்ரஸ்களுக்கு எவ்வளவு திருப்பி தரலாம்னு ஒரு தனி புரொபோசல் கொண்டு வாங்க. கணக்கு எடுக்க எங்க டிரேட் ஹிஸ்டரி வேணும்னா தர நானும் என்னோட கேள்வி கேட்டவங்களும் தயாரா இருக்கோம், யார்கிட்ட கொடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க எக்ஸ்சேஞ்ச்ல தினமும் டிரேட் பண்ற ஒரு சாதாரண யூசர்